ஏழாம் படியில் ஒரு தட்டு

அத்தியாயம் 4

துப்பறிவாளன் என்றால் வாசலில் கார் நிற்கும், மேசையில் தொலைபேசி ஓயாமல் அடிக்கும் என்று நினைப்பவர்கள் சூலியா தெருவுக்கு வந்து தம்புவின் அலுவலகத்தைப் பார்க்க வேண்டும். கீழே காசு மாற்றும் கடை. மேலே ஓர் அறை, ஒரு மின்விசிறி, ஒரு தொலைபேசி. அந்தத் தொலைபேசி அடித்தால் அன்றைக்கு மழை வரும். ஆறு வருடத்துக்கு முன் ஈப்போவுக்குப் போன மனைவி, "போன் பண்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதன் பிறகு தம்பு இரண்டு முறை அலுவலகம் மாற்றினான். நம்பரை மட்டும் மாற்றவில்லை. இதைப் பற்றி அவனிடம் யாரும் கேட்பதில்லை. ருக்கையாகூடக் கேட்டதில்லை. உலகத்தில் ருக்கையா கேட்காமல் விட்ட விஷயம் அது ஒன்றுதான்.

ருக்கையா அவனுடைய உதவியாளர். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பதினாறு வருடம் சர்க்யூட் போர்டுகளைப் பரிசோதித்துவிட்டு வந்தவள். கை சும்மா இருந்தாலும் வாய் சும்மா இருக்காது.

அந்தப் புதன்கிழமை காலை படியேறி வந்த அம்மாளுக்கு ஐம்பத்தாறு வயது இருக்கும். கஞ்சி போட்டுத் தேய்த்த சேலை, கையில் குடை. பெயர் கமலாம்பிகை, வீடு ஜெலுத்தோங். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"தம்பி, ஒரு செய்தி போய்ச் சேர்ந்ததா இல்லையா எண்டு கண்டுபிடிச்சுத் தரவேணும். அவ்வளவுதான்."

"யாருக்கு அனுப்பின செய்தி அக்கா?"

"என்ரை வீட்டுக்காரருக்கு."

"அவர் எங்க இருக்காரு?"

"மேல்மாடியில."

ருக்கையா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். "எந்த மேல்மாடிக்கா? ஆஸ்பத்திரியா, இல்ல..." என்று விரலால் ஆகாயத்தைக் காட்டினாள்.

"எங்கட வீட்டு மேல்மாடியிலதான். நல்லாத்தான் இருக்கிறார். மூண்டு வேளையும் சாப்பிடுறார்."

கதை மெல்ல மெல்ல வந்தது. கணவர் விஸ்வலிங்கம், துறைமுகத்தில் தலைமை கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற அன்று இரவு பெரிய ஹோட்டலில் அவருக்கு விருந்து. அன்று காலை பதினோரு மணிக்கே தைப்பிங்கிலிருந்து அவருடைய அலுவலகத்துக்கு ஒரு போன் வந்திருக்கிறது. கமலாம்பிகையின் தாயார் காலமாகிவிட்டார் என்று. மனுஷர் அதை வாயைத் திறந்து சொல்லவில்லை. விருந்து முடிந்து, மாலையைக் கழற்றி வைத்து, மறுநாள் விடிந்த பிறகு சொன்னார். கமலாம்பிகை தைப்பிங் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் எரிந்து முடிந்திருந்தது.

அது 1991. இது 1999. எட்டு வருடமாக இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் மேலே, இவர் கீழே. வீட்டில் பதின்மூன்று படி. வேளாவேளைக்குச் சாப்பாட்டுத் தட்டைக் கீழிருந்து ஏழாம் படியில் கமலாம்பிகை வைப்பார். விஸ்வலிங்கம் ஏழாம் படி வரை இறங்கி வந்து எடுத்துக்கொள்வார். வெளியே போகவேண்டும் என்றால் பின்பக்கத்து இரும்புச் சுழல்படி வழியாகப் போவார், அதே வழியாக வருவார்.

"மகன் பெர்த்தில இருக்கிறான். மூண்டு வருஷத்துக்கு முதல் வந்து, ரெண்டு பேருக்கும் ஒவ்வொரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டு, ஒரு பெட்டியில சேர்த்து விட்டான். தனக்குக் கடிதம் எழுதத்தான். பிறகு பார்த்தால், நான் கீழ ஒண்டு எழுதினா மேல சின்னதா ஒரு கட்டம் குதிச்சு வரும் எண்டு தெரிஞ்சுது. ஒருநாள் 'உப்புக் கூடவா' எண்டு கேட்டு அடிச்சன். 'இல்லை' எண்டு வந்தது." கமலாம்பிகை குடையின் பிடியைத் தடவினார். "அண்டையிலிருந்து ஒவ்வொரு நாளும் ஆறு மணிக்கு."

"எங்க வீட்டுல எனக்கும் புருஷனுக்கும் நடுவுல மாமியார்," என்றாள் ருக்கையா. "கம்ப்யூட்டரே தேவலை லா. இதை ஆஃப் பண்ணலாம்."

தம்பு அவளைப் பார்த்த பார்வையில் அவள் தேநீரைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

இரண்டு வாரத்துக்கு முன் இடி விழுந்து, இரண்டு கம்ப்யூட்டரையும் சேர்த்து வைத்த ரவுட்டர் பெட்டி கருகிப்போனது. போன திங்கட்கிழமைக்கு முந்தைய திங்களன்று ஒரு கடைக்காரர் வந்து புதுப்பெட்டி மாட்டினார். அன்று மாலை ஆறு மணிக்கு கமலாம்பிகை ஒரு செய்தி அனுப்பினார்.

"என்ன செய்தி?"

"மகன் கூப்பிடுறான். டிக்கெட்டும் எடுத்தாச்சு. 'அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை பெர்த்துக்குப் போறன். திரும்பி வரமாட்டன். போகட்டோ?' எண்டு கேட்டன். மெஷின், செய்தி போயிட்டுது எண்டு சொன்னது. பதில் வரேல்ல. அடுத்த நாள் திரும்ப அனுப்பினா, அப்படி ஒரு ஆளே இல்லை எண்டு சொல்லுது. ஒன்பது நாளாச் சொல்லுது."

"மகன்கிட்ட அப்பா ஏதாவது எழுதினாரா?"

"அவனுக்கும் ஒன்பது நாளாக் கடிதம் இல்லையாம்."

"மேல போய்க் கேட்டா என்னக்கா? பதின்மூணு படிதானே?" என்றாள் ருக்கையா.

"ஒருதரம் என்ரை செய்தியை ஒளிச்சவர். திரும்பவும் ஒளிச்சாரா எண்டு நானே போய் அவரிட்டக் கேக்கிறதோ? வந்தும் பேசாமல் இருக்கிறார் எண்டால் நான் போயிடுவன், பிறகு இந்தப் பக்கம் திரும்பியும் பாக்கமாட்டன். வரவே இல்லை எண்டால்..." அவர் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

படியிறங்கும்போது நின்று ஒன்று சொன்னார். "இந்த ஒன்பது நாளும் சரியா ஆறு மணிக்கு அவர் மேல படி வாசல் வரைக்கும் நடந்து வாற சத்தம் கேக்குது. கொஞ்ச நேரம் நிக்கிறார். பிறகு போயிடுறார். தட்டு வந்துட்டுதோ எண்டு பாக்கிறாராக்கும்."

"ஆறு மணிக்கா தட்டு வைப்பீங்க?"

"ஏழரைக்கு."

தம்பு அதை மனதில் முடிந்து வைத்துக்கொண்டான்.

ருக்கையாவின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போவது தம்புவுக்குப் பிடிக்காத விஷயங்களில் முதலாவது. ஜெலுத்தோங் பாசார் வழியாக மீன்காரர்களை ஒட்டி உரசிக்கொண்டு அவள் ஓட்டினாள். பெட்டி மாட்டிய முனுசாமியின் பட்டறை பாசாருக்குப் பின்னால் இருந்தது. திறந்து போட்ட கம்ப்யூட்டர்களுக்கு நடுவில் அவன் மீ கோரெங் தின்றுகொண்டிருந்தான்.

"என் வேலைல குத்தமா? டெஸ்ட் பண்ணாம நான் இடத்தை விட்டுப் போனதே இல்ல அண்ணே," என்றான். "கீழ உக்காந்து 'ஹலோ' அடிச்சேன். மேல இருந்து அங்கிள் 'யெஸ்' அடிச்சாரு. பெர்த்துக்கு ஈமெயில்கூடப் போச்சு."

"என்னென்ன மாத்தினே?"

"பழைய பெட்டில அவங்க மகன் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் நம்பரைக் கையால எழுதி வெச்சிருந்தாரு. புதுப்பெட்டிக்கு அது ஒத்து வராது. அதை எடுத்துட்டு ரெண்டையும் ஆட்டோமெட்டிக்ல போட்டுட்டேன். இனிமே பெட்டியே நம்பர் குடுக்கும். நான் கையால எழுதறதே கிடையாது. சோம்பேறித்தனம் லா."

"அங்கிள் என்ன பண்ணிக்கிட்டிருந்தாரு?"

முனுசாமி சிரித்தான். "பரீட்சை ஹால் வாத்தியார் மாதிரி என் பின்னாலயே நின்னாரு. இது என்ன, அது எதுக்குன்னு கேட்டுக் கேட்டு ஒரு சின்ன நோட்டுல எழுதிக்கிட்டாரு. துறைமுகத்து ஆளுல்ல? சும்மாவா!"

வெளியே வந்ததும் ருக்கையா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே சொன்னாள். "இவன் பொய் சொல்லல. பொய் சொல்றவன் மீயைக் கீழ வெச்சிருப்பான்."

"தெரியுது. ஆறு மணிக்கு அம்மா அனுப்பின செய்தி போயிருக்கு. மறுநாள் போகல. நடுவுல ஒரு ராத்திரி. அந்த வீட்டுல அந்த ராத்திரி இருந்தது ரெண்டே பேர்."

"ரெண்டாயிரமாவது வருஷம் பொறந்தா உலகத்துல இருக்கிற கம்ப்யூட்டர் அத்தனையும் நின்னுடும்கறாங்க. இவங்க ரெண்டு மாசம் முந்திக்கிட்டாங்க, அவ்வளவுதான்."

கமலாம்பிகையின் கம்ப்யூட்டர் சாமி அலமாரிக்குப் பக்கத்தில் இருந்தது. புதுப்பெட்டியில் விளக்குகள் எரிந்தன. ருக்கையா குனிந்து பார்த்தாள்.

"ரெண்டும் பச்சை. கேபிள்ல கோளாறு இல்ல. பதினாறு வருஷம் பச்சை லைட்டைப் பாத்தே கண்ணு போனவ சொல்றேன்."

திரையில் இந்தக் கம்ப்யூட்டரின் பெயர் IVA என்றும், மேலே இருப்பதன் பெயர் AVAR என்றும் இருந்தது. 'இவ', 'அவர்' என்று மகன் வைத்த பெயர்களாம். புருஷன் பெயரை வாயால் சொல்லாத அம்மா கையாலும் அடிக்கமாட்டார் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தம்பு எண்ணைத் தேடிப் பார்த்தான்: 192.168.1.2. பெட்டி கொடுத்த எண்தான். கீழே பழுதில்லை.

"இனி மேலதான்," என்றான்.

"கடைக்காரர் எண்டு சொல்லுங்கோ. நான் அனுப்பினது எண்டு சொல்லாதேங்கோ," என்றார் கமலாம்பிகை. அவர் படியருகே வரவில்லை.

ஆறாம் படியில் கால் வைத்ததும் அது வீட்டையே எழுப்புகிற மாதிரிக் கிறீச்சிட்டது. ருக்கையா துள்ளினாள். "அலாமாக்! இது படியா, பூனையா?"

"எட்டு வருஷமா எங்கட ரெண்டு பேரில என்ரை கால் மட்டும்தான் அதில படுது," என்று கீழேயிருந்து கமலாம்பிகையின் குரல் வந்தது. "தட்டு வைக்க ஏறுறதோட சரி."

மேல்மாடி அறையின் கதவு திறந்திருந்தது. திறந்திருந்தது மட்டுமல்ல, காற்றில் சாத்திக்கொள்ளாமல் இருக்க ஓர் இரும்பு எடைக்கல்லும் முட்டுக்கொடுத்து வைத்திருந்தது. உள்ளே எல்லாம் அலுவலக ஒழுங்கு. மேசை, கம்ப்யூட்டர், பென்சில்கள். ஒரே ஒரு விஷயம் ஒழுங்கில்லை. நாற்காலி கம்ப்யூட்டரைப் பார்த்துப் போடப்படவில்லை. கதவைப் பார்த்து, படியைப் பார்த்துப் போடப்பட்டிருந்தது.

ஒரு தொலைபேசியைப் பார்த்து உட்கார்ந்தே வருடங்களைக் கழித்த தம்புவுக்கு அப்படிப்பட்ட நாற்காலி தெரியும்.

விஸ்வலிங்கம் எழுந்து நின்றார். ஒல்லியான மனிதர், வெள்ளைச் சட்டை, மேல் பொத்தான் வரை போட்டிருந்தார். "கடையிலிருந்தோ? பாருங்கோ," என்றார்.

ருக்கையா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். தம்பு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். சுவரில் ஒரே படம், கறுப்பு வெள்ளைக் கல்யாணப் படம். மாப்பிள்ளை விறைத்து நிற்க, பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிறாள். மூலையில் ஸ்டூடியோக்காரர் வெள்ளை மையால் தேதி எழுதியிருந்தார்.

"அண்ணே, இங்க வாங்க," என்றாள் ருக்கையா. "கீழ நூத்தித் தொண்ணூத்திரெண்டுல ஆரம்பிக்குது. மேல பத்துல ஆரம்பிக்குது. கையால எழுதின நம்பர். கீழ இருக்கிறது ஜெலுத்தோங்ல, மேல இருக்கிறது கடலுக்கு அந்தப் பக்கம் ஜுருல. நடுவுல பாலம் இல்ல. எப்படிப் பேசிக்கும்?"

"நம்பரை முழுசா வாசி."

"பத்து, ஆறு, பத்தொம்பது, அறுபத்தெட்டு. நாலு நம்பர் லாட்டரி டிக்கெட் வாங்கிடலாம் போல இருக்கு."

தம்பு திரையைப் பார்க்கவில்லை. படத்தின் மூலையைப் பார்த்தான். 10-6-1968.

"நீர் கடைக்காரர் இல்லை," என்றார் விஸ்வலிங்கம் அமைதியாக. "கடைக்காரன் வந்தால் முதல்ல வயரைப் பார்ப்பான். நீர் கலியாணப் படத்தைப் பார்க்கிறீர்."

இனி நடிப்பதில் பயனில்லை. "செய்தி வந்ததா அய்யா?"

"வந்தது. ஆறு மணி மூண்டு நிமிசம்."

"ஏன் பதில் போடல?"

"மூண்டு தரம் எழுதி மூண்டு தரம் அழிச்சன்." அவர் நாற்காலியில் உட்கார்ந்தார், கதவைப் பார்த்தபடியே. "போ எண்டு எழுதினால் அது பொய். போகாதே எண்டு எழுத எனக்கென்ன உரிமை? பெத்த தாயின்ரை முகத்தைக் கடைசியாப் பாக்க விடாதவன் நான். ஒரு மாலைக்கும் கைதட்டலுக்கும் ஆசைப்பட்டு அந்த வேலை செய்தவன். அதுக்கு மன்னிப்புக்கூட இந்த மெஷினில அடிக்கிறதோ? மூண்டு வருஷமா உப்பு, புளி, மழை எண்டு அடிச்சுக்கொண்டு இருந்திட்டம். அண்டைக்கு இரவு யோசிச்சன். மெஷின் இல்லாமல் போனால் அவ வாயைத் திறந்து கேட்டுத்தானே ஆகவேணும்? மேல வந்து திட்டினாலும் பரவாயில்லை. குரலைக் கேக்கலாம்."

"எண்ணை மாத்தினீங்க."

"ஏதாவது ஒரு எண் போடவேணும். எனக்குக் கைக்கு வந்தது அதுதான்."

"அதனால மகனுக்குக் கடிதமும் நின்னு போச்சு."

"ஓம். அதையும் சேத்துத்தான் பொறுத்தன்."

ருக்கையா நாற்காலியோடு திரும்பினாள். "அங்கிள், கோவிச்சுக்காதீங்க. தினம் ஆறு மணிக்குப் படி வரைக்கும் வந்து நிக்கிறீங்களாம். இன்னும் பதின்மூணு படி இறங்கி நீங்களே சொல்லியிருக்கலாமே?"

விஸ்வலிங்கம் அவளை ஆச்சரியத்தோடு பார்த்தார். தெரிந்த சட்டத்தைத் தெரியாத மாதிரிக் கேட்கிறாளே என்ற பார்வை.

"எப்படி இறங்கிறது? தைப்பிங்கால திரும்பி வந்த அண்டைக்குச் சொன்னவ. 'நான் கூப்பிடாமல் இந்தப் படியால கீழ இறங்கக் கூடாது' எண்டு. முப்பத்தஞ்சு வருஷம் துறைமுகத்தில மேலிடத்து உத்தரவுக்கு மாறா ஒரு தாள் நகர்த்தினவன் இல்லை நான். தட்டு எடுக்க ஏழாம் படி வரைக்கும் வாறன். ஆறாவதில கால் வைச்சதில்லை. அவ இன்னும் கூப்பிடேல்ல."

கோபத்தில் வாயில் வந்த ஒரு வார்த்தையை, அலுவலகச் சுற்றறிக்கை மாதிரி ஒரு மனிதர் எட்டு வருடம் கடைப்பிடித்திருக்கிறார். சிரிப்பதா அழுவதா என்று தம்புவுக்குத் தெரியவில்லை.

ருக்கையா மவுஸைப் பிடித்தாள். "ஆட்டோமெட்டிக்ல போட்டா ஒரு நிமிஷத்துல சரியாயிடும். போடட்டா?"

"வேண்டாம். எழுந்து வா," என்றான் தம்பு.

"பெட்டி ரிப்பேர்தானே அண்ணே நம்ம வேலை?"

"பெட்டில ரிப்பேர் இல்ல ருக்கையா."

அவன் மேசைமேல் இருந்த காகிதத் துண்டு ஒன்றில் அந்த எண்ணை எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். விஸ்வலிங்கம் தடுக்கவில்லை.

கீழே கமலாம்பிகை நின்றுகொண்டே இருந்தார். கூடத்தின் ஓரத்தில் கட்டி வைத்த பெட்டி, மேலே பெர்த் விலாசம்.

"வந்ததோ?"

துப்பறிவாளன் வாடிக்கையாளரிடம் பொய் சொல்லக்கூடாது. சொல்லலாம் என்றால் அந்த நிமிடத்தில் தம்பு சொல்லியிருப்பான். "வந்தது அக்கா. ஆறு மணி மூணு நிமிஷம்."

அவர் முகம் அப்படியே கல்லானது. "அப்ப இந்த முறையும் ஒளிச்சுப்போட்டார்."

"பதில் சொல்லாம இருந்தது தப்புதான். அதை நான் மறைக்கல. மெஷினைக் கெடுத்ததும் அவர்தான்." தம்பு காகிதத்தை நீட்டினான். "அந்த மெஷினுக்கு ஒரு நம்பர் போடணும். எந்த நம்பர் வேணும்னாலும் போடலாம். அவர் போட்டது இது."

கமலாம்பிகை கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். புள்ளிகளுக்கு நடுவில் நாலு எண்கள். முதல் முறை புரியவில்லை. இரண்டாம் முறை படிக்கும்போது உதடு அசைந்தது. "வைகாசி," என்றார், யாரிடமும் இல்லாமல்.

"இறங்கி வந்து சொல்லியிருக்கலாமேன்னு கேட்டோம். நீங்க கூப்பிடாம இந்தப் படியில இறங்கக் கூடாதுன்னு அன்னிக்குச் சொன்னீங்களாம். அதான் காத்துக்கிட்டிருக்காராம்."

"நான் சொன்னனோ?"

"தைப்பிங்ல இருந்து வந்த அன்னிக்கு."

"நான் அப்படிச் சொன்னனோ?" அவர் மறுபடி கேட்டார். கை தானாக நாற்காலியைத் தேடியது. "அண்டைக்கு நான் என்னென்னவோ கத்தினன் தம்பி. ஒண்டும் ஞாபகம் இல்லை. ஒண்டுமே இல்லை. இறங்கி வருவார் வருவார் எண்டுதான் நானும் இவ்வளவு நாள்..."

அதற்குமேல் அங்கே நிற்பது மரியாதையில்லை. தம்பு ருக்கையாவுக்குக் கண் காட்டினான். இருவரும் வாசலுக்கு வந்தார்கள். ருக்கையா ஹெல்மெட்டை எடுத்தாள், ஆனால் மாட்டிக்கொள்ளவில்லை. மணி மூன்றுதான். ஆறு மணிக்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது.

உள்ளே நாற்காலி நகர்ந்தது. காலடிகள் படியருகே போய் நின்றன. யாழ்ப்பாணத்துப் பெண்கள் கணவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அதற்கென்று அவர்களுக்கு ஒரு சொல் இருக்கிறது. எட்டு வருடம் தொண்டையில் கிடந்த சொல், வரும்போது கரகரத்துத்தான் வந்தது.

"இஞ்சாருங்கோ."

மேலே நாற்காலி தரையில் உராய்ந்தது. ஒரு படி, இரண்டு படி என்று தம்பு தன்னையறியாமல் எண்ணினான். ஏழாம் படிக்கு வந்ததும் காலடி நின்றது. வழக்கமாக நிற்கிற இடம்.

அந்த நேரத்தில் தம்பு ஜெலுத்தோங்கில் இல்லை. ஈப்போவில், தனக்கு மனப்பாடமாகத் தெரிந்த மனைவியின் போன் நம்பருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். அந்த நம்பருக்கு ஆறு வருடத்தில் அவன் ஒருமுறையும் போன் செய்ததில்லை. அவள்தான் செய்கிறேன் என்று சொன்னாளே என்று இருந்துவிட்டான்.

ஆறாம் படி வீட்டையே எழுப்புகிற மாதிரிக் கிறீச்சிட்டது.

ருக்கையா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். மோட்டார் சைக்கிளைக் கிளப்பினாள். தெருமுனையில் ஒரு பொதுத் தொலைபேசிக்குப் பக்கத்தில், தம்பு கேட்காமலே நிறுத்தினாள்.